பேங்க் நம்பிய சம்பளம்

லிம் அங்கிள் வீட்டை வாடகைக்கு விட்டபோது ரெண்டே ரெண்டு சட்டம்தான் போட்டார். மாதம் பிறந்ததும் வாடகை கைக்கு வந்துவிட வேண்டும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மற்றபடி தங்கமான மனுஷன். குழாய் ஒழுகினால் அவரே ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சுப் பெட்டி கொண்டுவந்து வைப்பார். ஆனால் ஆணி என்று பேச்செடுத்தால் போச்சு, முகம் அப்படியே இறுகிவிடும். சாயம் கெட்டுவிடுமாம். அந்தச் சாயம் அடித்து எத்தனையோ வருஷமாகி, மழைக்காலத்தில் மூலைக்கு மூலை பூசணம் பூத்துக் கிடப்பது மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியாது.

அதனால் தேன்மொழியின் வீட்டில் எல்லாமே சாய்ந்துதான் நிற்கும். முருகன் படம் அலமாரி மேல் சாய்ந்திருக்கும். காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும். கல்யாணப் படம் டிவி மேசை மேல் இருக்கும்; மகள் லோஷினி கொஞ்சம் ஓடி ஆடினால் போதும், பொத்தென்று முகம் குப்புற விழும்.

"கட்டின பொண்டாட்டிய சுவத்துல மாட்டக்கூட இன்னொருத்தன்கிட்ட பர்மிஷன் கேக்கணும். என்ன பொழப்புடா சாமி இது" என்று படத்தைத் தூக்கி நிறுத்துவான் அவள் புருஷன் ஜெயபாலன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு என்ன தோன்றியதோ, லோஷினியின் பென்சிலை வாங்கி ஹால் சுவரின் நடுவில் சின்னதாய் ஒரு பெருக்கல் குறி போட்டான். தேன்மொழி பதறிப்போய் ரப்பரைத் தேடினாள்.

"என்னங்க இது, அங்கிள் பாத்தா கத்துவாரு!"

"பென்சில்தானே லா, ஆணியா அடிச்சேன்? தேனு, நமக்குன்னு ஒரு வீடு வந்தா மொத ஆணி இந்த உயரத்துலதான். நம்ம ரெண்டு பேரும் ஜம்முனு மேல உக்காந்து எல்லாரையும் பாத்துக்கிட்டிருப்போம்."

ஆணிப் பொட்டலம் ஒன்றை அப்போதே வாங்கி டிவி மேசை இழுப்பறையில் போட்டுவைத்திருந்தான். ஆசைப்பட்டுவிட்டால் அவனுக்குப் பொறுமை கிடையாது.

ஜெயபாலன் மூவாரில் ஒரு சோபா பேக்டரிக்கு லோரி ஓட்டினான். தேன்மொழி அதே பேக்டரிக்கு வீட்டிலிருந்தே சோபா உறை தைத்துக் கொடுத்தாள். உறைக்கு இவ்வளவு என்று கூலி. ரெண்டு பேரும் ஓடி ஓடி உழைத்தார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள், வாடகை ஒரு மாதம் தவறவில்லை. இதைவிட என்ன வேண்டும் என்றுதான் இருந்தார்கள், லிம் அங்கிள் வந்து அந்தச் சேதியைச் சொல்லும் வரைக்கும்.

அங்கிள் கோலாலம்பூருக்கு மகனோடு போகப்போகிறாராம். வீட்டை விற்கப்போகிறாராம். இன்னொரு பேக்டரிக்காரன் வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தங்கவைக்க இந்த வீட்டைக் கேட்கிறானாம். "ஆனா நீங்க நல்ல ஆளுங்க. முதல்ல உங்களுக்குத்தான். லோன் போட்டு எடுத்துக்குங்க. சீனப் பெருநாள் வரைக்கும் பொறுத்துக்கிறேன்" என்று மலாயில் சொல்லிவிட்டு, போகிற போக்கில் சுவரில் இருந்த பென்சில் குறியை உற்றுப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். விலை நியாயமான விலை. அந்தத் தாமான் குடியிருப்பில் யாரும் அந்த விலைக்குத் தரமாட்டார்கள்.

ஜெயபாலன் அன்றைக்கே சட்டையை மாற்றிக்கொண்டு, பொண்டாட்டியை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு பேங்குக்குப் புறப்பட்டுவிட்டான்.

வீட்டு லோன் மேசையில் இருந்தவள் ஷஹீரா. டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜெகபர் சாதிக்கின் மகள். ஜெயபாலனுக்கு அந்தக் கடையில் நாள்பட்ட பழக்கம், அதனால் உரிமையோடு உட்கார்ந்தான்.

"அண்ணே, சம்பள சிலிப் கொண்டாந்தீங்களா?"

கொடுத்தான். அவள் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறும் தாள்.

"இவ்வளவுதானா அண்ணே?"

"அது பேசிக் மா. டிரிப் காசு தனி. அதையும் சேத்தா இது மாதிரி ரெண்டு பங்குக்கு மேல வரும். ஏத்துக்கூலி, எறக்குக்கூலி வேற."

"டிரிப் காசு எப்படித் தர்றாங்க?"

"கையில. கவர்ல போட்டு."

"கவர் மேல ஏதாச்சும் எழுதியிருக்குமா?"

"என் பேரு எழுதியிருக்கும்."

ஷஹீரா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஜெயபாலன் அடக்கிக்கொள்ளவில்லை. பெருமையாகவே சொன்னான்: சிலிப்பில் கம்மியாகப் போடச் சொல்லி முதலாளி தவுக்கேயிடம் கேட்டதே அவன்தானாம். சம்பளம் சிலிப்பில் ஏறினால் ஈபிஎஃப் என்று சேமநிதிக்கு ஒரு வெட்டு, சொக்சோ என்று விபத்துக் காப்புறுதிக்கு ஒரு வெட்டு, எல்லாம் ஏறுமே! கிழவனான பிறகு வரும் ஈபிஎஃப் காசை நம்பி இன்றைக்குப் பிள்ளைக்குப் பால்மாவு வாங்க முடியுமா? லோரி ஓட்டுகிற அத்தனை பேரும் இப்படித்தான் செய்கிறார்கள், முதலாளிக்கும் மிச்சம், இவர்களுக்கும் கையில் காசு. இத்தனை வருஷமாகத் தான் ரொம்பக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தான், பாவி மனுஷன்.

ஷஹீரா பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள்.

"அண்ணே, பேங்க் உங்க உழைப்பப் பாக்காது, தாளைத்தான் பாக்கும். பேசிக் சம்பளத்த அப்படியே எடுத்துக்கும். மாசாமாசம் மாறாம வர்ற அலவன்ஸையும் எடுத்துக்கும். ஓவர்டைம், கமிஷன், டிரிப் காசு இதெல்லாம் ஏறும் இறங்கும், அதனால ஆறு மாசம் சிலிப்ல இருந்தா சராசரி பாத்து, கொஞ்சம் குறைச்சு எடுத்துக்கும். வாடகைக்கு விட்ட வீடு இருந்தா முத்திரை குத்தின பத்திரம் வேணும். பென்ஷன் வாங்குறவங்கன்னா பென்ஷன் லெட்டர் போதும், அத ரொம்ப நல்லாவே எடுத்துக்கும்."

"பென்ஷனா? அலமாக், நமக்கு யாரும்மா பென்ஷன் குடுக்குறா!" என்று தொடையில் தட்டிச் சிரித்தான் ஜெயபாலன்.

தேன்மொழிக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் தைக்கிற காசு இருக்கே தங்கச்சி, அத சேத்துக்க மாட்டாங்களா?"

"அக்கா எந்த பேங்க்ல போடுறீங்க?"

"பேங்க்லயா? சீட்டுக்குக் கட்டுவேன். மீதிய அரிசி டின்னுல போட்டு வெப்பேன்."

"அரிசி டின்னு ஸ்டேட்மென்ட் குடுக்காதே அக்கா" என்றாள் ஷஹீரா, மனசு வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். அப்புறம் வழியையும் அவளே சொன்னாள். டிரிப் காசை ஆறு மாதம் சிலிப்பில் ஏற்ற வேண்டும். தைக்கிற காசை மாதாமாதம் பேங்கில் போட வேண்டும். ஆறு மாதம் கழித்து வந்தால், சீனப் பெருநாளுக்கு முன்னால் பார்த்துவிடலாம். லோன் விண்ணப்பத்தில் மட்டும் ஜெயபாலனின் கையெழுத்தை அப்போதே வாங்கி வைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியெல்லாம் தேன்மொழி வாயை மூடவில்லை. "பேருதான் பெரிய லோரி டிரைவரு. சிலிப்பப் பாத்தா சைக்கிள் மிதிக்கிறவன் சம்பளம். இத்தன வருஷமா வெட்டு வெட்டுன்னு காப்பாத்துனீங்களே, எங்க வெச்சிருக்கீங்க அந்தக் காச? அந்தப் பொண்ணு முன்னாடி எனக்கு மானமே போச்சு." ஜெயபாலன் முன்னால் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தான். சிக்னலில் நின்றபோது மட்டும் சொன்னான்: "ஆறே மாசம் தேனு. சிலிப்ப நான் எப்படிக் கொழுக்க வெக்கிறேன்னு பாரு."

தவுக்கே சும்மா ஒத்துக்கொள்வாரா? சிலிப்பில் டிரிப் காசு ஏறினால் அவர் கையிலிருந்தும் ஈபிஎஃப், சொக்சோ கூடுதலாகப் போகும். அதற்கு ஈடாக சிங்கப்பூர் டிரிப்பை எடுத்துக்கொள் என்றார். யாருக்கும் பிடிக்காத டிரிப் அது. விடிவதற்கு முன் கிளம்பி, எல்லையோரத்துக் கெலாங் பாத்தா தாண்டிப் பாலம் ஏற வேண்டும். அங்கே கஸ்டம்ஸ் வரிசை நகரவே நகராது. சோபாவை இறக்கி, திரும்ப வந்து, அடுத்த நாள் மறுபடியும் அதே பாலம். ஜெயபாலன் சரி என்றான். வாரத்துக்கு நாலு டிரிப் எடுத்தான், சில வாரம் அஞ்சு.

முதல் மாதச் சிலிப் வந்த அன்று வீட்டில் தீபாவளிதான். சாப்பாட்டு மேசையில் அதை விரித்துவைத்து, லோஷினியை விட்டு வாசிக்கச் சொன்னான். அவள் ஒவ்வொரு எண்ணாகத் தடவித் தடவி வாசித்தாள். "அடேயப்பா, யாரு சம்பளம்மா இது?" என்று தெரியாத மாதிரி கேட்டான். "உங்க சம்பளம்தான்ப்பா!" என்று அவள் கத்தினாள். அதற்கப்புறம் மாதாமாதம் இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. தேன்மொழியும் சீட்டை நிறுத்திவிட்டு, தையல் காசை பேங்க் மெஷினில் போட்டுவிட்டு வந்தாள். மெஷின் துப்பும் தாளைக்கூடப் பத்திரமாக எடுத்துவைத்தாள்.

ஆனால் ஆளைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், தட்டில் சோறு இருக்க அப்படியே உட்கார்ந்தபடி தூங்கினான். லோஷினி கதை சொல்லச் சொன்னால் பாதியில் குறட்டை வந்தது. "ஒரு டிரிப்பக் கொறைச்சிக்கக் கூடாதா?" என்று தேன்மொழி கேட்டபோது, "சிலிப் எறங்கிரும் தேனு. ஏறுனது எறங்குனா பேங்குக்குச் சந்தேகம் வந்துருமாம், பேங்க் தங்கச்சி சொல்லியிருக்கு" என்றான்.

பொங்கல் முடிந்த வாரம். அதுதான் ஆறாவது மாதம், கடைசிச் சிலிப். விடியலுக்கு முன்னால் எழுந்து பூட்ஸை மாட்டியவன் ஒரு காலோடு நிறுத்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

"ஒடம்பு ஒரு மாதிரியா இருக்கு தேனு. இன்னிக்கு லீவு போட்டுரவா?"

பாலில்லாத தே-ஓ கலக்கிக்கொண்டிருந்த தேன்மொழி திரும்பிப் பார்த்தாள். அவள் என்ன கொடுமைக்காரியா? புருஷன் மேல் பாசம் இல்லாதவளா? ஆறு மாதமாக அந்த ஒரு வீட்டையே நினைத்து நினைத்து, அவள் வாயிலிருந்து அந்த வார்த்தைதான் வந்தது.

"இந்த ஒரு மாசம்தானேங்க. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் லீவு போடுங்க."

"அதுவும் சரிதான்" என்று மற்றக் காலையும் மாட்டினான். தே-ஓவை மடக்கென்று குடித்துவிட்டுப் போனான்.

உறையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவனோடு லோரி ஓட்டும் ஐயாசாமி. "தங்கச்சி... தங்கச்சி..." என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். கெலாங் பாத்தாவுக்குக் கொஞ்சம் முன்னால், சாலையோரம் நின்றிருந்த டிரெயிலரின் பின்னால் ஜெயபாலன் போய் மோதியிருக்கிறான். பிரேக் பிடித்த அடையாளமே ரோட்டில் இல்லையாம். தூங்கிவிட்டிருக்கிறான், என் ராசா.

அவளுடைய அழுகையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அந்தத் தாமானே அழுதது. லிம் அங்கிள் கேட்டுக்கு வெளியிலேயே ரொம்ப நேரம் நின்றிருந்தார், உள்ளே வரக் கூச்சப்பட்டவர் மாதிரி. லோரி லைசென்ஸில் இருந்த முகத்தைப் பெரிசாக்கிப் படம் போட்டுக் கொடுத்தார்கள். அதையும் நாற்காலியில் சாய்த்துத்தான் வைத்தார்கள்.

சீனப் பெருநாள் வந்தது, போனது. ஆரஞ்சுப் பெட்டி வந்தது. வீட்டைப் பற்றி லிம் அங்கிள் வாயைத் திறக்கவே இல்லை. தேன்மொழியும் கேட்கவில்லை. தையல் மெஷினும் அவளுமாக நாள் போனது. பெடலை மிதிக்கும்போதெல்லாம் அந்த ஒரு வார்த்தை காதுக்குள் வந்து நிற்கும். இந்த ஒரு மாசம்தானேங்க. இந்த ஒரு மாசம்தானேங்க. ஐயாசாமி அண்ணன் தாளையெல்லாம் தூக்கிக்கொண்டு சொக்சோ ஆபீசுக்கு அலைந்தார். வேலையில் இறந்ததால் பொண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் மாதாமாதம் பென்ஷன் என்று கடிதம் வந்தது. ஈபிஎஃப் காசும் வந்தது. வெட்டு வெட்டு என்று அவன் கெட்டிக்காரத்தனமாய்த் தப்பித்துக்கொண்டிருந்தானே, சொற்பமாகத்தான் வந்தது. வீடு வாங்குவதென்றால் முன்பணத்துக்கு மட்டுமட்டாகப் போதும்.

கடைசியில் லிம் அங்கிளே ஒரு நாள் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, மகன் கூப்பிடுகிறான், அந்தப் பேக்டரிக்காரனும் கேட்டுக்கொண்டே இருக்கிறான் என்றார். "புரியுது அங்கிள், நீங்க குடுத்துருங்க. நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்" என்றாள் தேன்மொழி. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் பேங்குக்குப் போனாள். லோன் கேட்க இல்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொடுத்த தாளையெல்லாம் திருப்பி வாங்கிவர. அதில் அவன் கையெழுத்து இருந்தது, அதை எங்கேயோ ஒரு பேங்க் பெட்டியில் கிடக்க விட அவளுக்கு மனசில்லை.

ஷஹீரா எழுந்துவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஷஹீரா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, சொக்சோ லெட்டர் வந்துச்சா?"

கைப்பையில்தான் இருந்தது. ஷஹீரா வாசித்தாள். நிமிரவில்லை. மறுபடியும் வாசித்தாள். கால்குலேட்டரைத் தட்டினாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அக்கா, நான் சொல்றத தப்பா எடுத்துக்காதீங்க. லோன் கெடைக்கும்."

"அவருதான் இல்லியேம்மா. யாரு சம்பளத்த வெச்சு?"

"இத வெச்சுதான்." கடிதத்தை மெதுவாக மேசைமேல் வைத்தாள். "பாப்பா பங்கு அவ பெரியவளானதும் நின்னுரும், அத எடுக்க மாட்டாங்க. உங்க பங்கு உங்க ஆயுசுக்கும் வரும். கடைசி ஆறு மாசச் சம்பளத்த வெச்சுக் கணக்குப் போட்டிருக்காங்க, அதான் இந்த அளவு வந்திருக்கு. அண்ணன் பழைய சிலிப்போட இருந்திருந்தா இதுல பாதிகூட வந்திருக்காது. நீங்க பேங்க்ல போட்ட தையல் காசும் இருக்கு. ரெண்டும் சேர்ந்தா சரியா வரும் அக்கா."

"டிரிப் காசக் கொறைச்சுத்தான் எடுப்பாங்கன்னு சொன்னீங்களே."

"அது ஏறி இறங்குற காசு. இது... இது நிரந்தர வருமானம் அக்கா. பேங்க் முழுசா எடுத்துக்கும்."

தேன்மொழி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உசுரோட ராத்திரி பகலா ஓட்டுனாரே, அப்ப நம்பல. கண்ணு முழிச்சு, சோத்துத் தட்டுல தூங்கி விழுந்து சம்பாரிச்சாரே, அப்ப சிலிப் எங்க, கவர் எங்கன்னு கேட்டீங்க. இப்ப மட்டும் முழுசா நம்புறீங்களா? ஆமா, இனிமே அவருக்கு ஒடம்புக்கு வராது. லீவு கேக்க மாட்டாரு. அதான நிரந்தரம்?" கடிதத்தை அவள் பக்கம் தள்ளினாள். "அன்னிக்குக் காலையில லீவு கேட்டாரும்மா. எங்கிட்ட கேட்டாரு. நான்தான் இந்த ஒரு மாசம்னு சொன்னேன். நான்தான்மா சொன்னேன்."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு மாதம் என்று வழி சொன்னவள் ஷஹீராதானே, அவளும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். சட்டத்தில் இருப்பதைத்தான் சொன்னாள், யார் மேல் குற்றம் சொல்ல முடியும்? அதுதான் எனக்கு வயிற்றெரிச்சலே.

தேன்மொழி தாளைத் திருப்பி வாங்காமலே எழுந்துபோய்விட்டாள். அந்த வீடு வேண்டவே வேண்டாம் என்றுதான் முடிவு கட்டினாள். அவன் செத்த காசில் ஒரு வீடா, அதில் நான் கால் நீட்டிப் படுப்பதா! வீட்டுக்கு வந்து பாத்திரங்களை அட்டைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். டிவி மேசையை நகர்த்தி இழுப்பறையைக் காலி செய்தபோது ஆணிப் பொட்டலம் கையில் வந்தது. பிரிக்காமலே இருந்தது. நிமிர்ந்தாள். சுவரில் அந்தக் குறி. வேறு ஒருத்தன் வந்து அதன் மேல் சாயம் அடிப்பான் என்று நினைத்த மாத்திரத்தில் அவளால் தாங்க முடியவில்லை. சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவி, ஷஹீராவுக்குப் போன் போட்டாள்.

"எங்க கையெழுத்துப் போடணும் தங்கச்சி?"

லிம் அங்கிள் பேக்டரிக்காரனிடம் இல்லை என்று சொல்லிவிட்டார். லோன் வந்து, வக்கீல் வேலையெல்லாம் முடிந்த பிறகு லிம் அங்கிள் தன்னிடம் இருந்த சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவரை அனுப்பிவிட்டு, தேன்மொழி நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். லோஷினி கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். தேன்மொழி ஆணியைப் பென்சில் குறியின் மேல் வைத்துச் சுத்தியலை ஓங்கினாள்.

"அம்மா! அம்மா, அடிக்காதீங்க!" லோஷினி அலறினாள். "லிம் அங்கிள்கிட்ட கேட்டீங்களா?"

தேன்மொழியின் கை அப்படியே நின்றுவிட்டது. மகளைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"யார்கிட்டயும் கேக்க வேணாம்டா கண்ணு. இது அப்பா வாங்குன வீடு."

அடித்தாள். மூன்றாவது அடியில் ஆணி இறங்கியது. கல்யாணப் படத்துக்கென்று குறித்த இடம். அதில் ஜெயபாலன் மட்டும் இருக்கும் படத்தை மாட்டிவிட்டு, மாலையைச் சரிசெய்தாள்.